கடல் கடந்து வந்த கதையும் நமது மொழிக் கடனும்

(இந்து வாலிபர் சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இந்த மேடை அறிஞர் பலர் ஏறிய மேடை. சமயமும் இலக்கியமும் முழங்கிய இடத்திலே, இருபது வயதைச் சற்றே தாண்டிய பல்கலைக்கழக மாணவராகிய நாம், "கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகம்" என்று பொருள் எழுதிக் கொடுத்தபோது, செயலாளர் அவர்கள் அந்தத் துண்டை இருமுறை படித்துப் பார்த்தார்கள். எழுத்துப் பிழையோ என்று ஐயுற்றார்கள் போலும்! பிழை ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலே இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசாமல், நமது பண்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவது வீட்டுக்குள் இருப்பவரை விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கு மாலை சூட்டுவது போலாகும். ஆதலால் பெரியோர்கள் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகிறோம்.

நாம் சிறு பிள்ளைகளாக இருந்த 2012ஆம் ஆண்டிலே, இலங்கை ரூபவாஹினியில் "சுஜாத தியணி" என்னும் பெயரில் ஒரு தொடர் நாடகம் வந்தது. மூலத்தில் அதன் பெயர் "தே ஜாங் கும்". தென் கொரியாவின் எம்.பி.சி. நிறுவனம் 2003 செப்ரெம்பரில் தொடங்கி 2004 மார்ச் வரை 54 பாகங்களாக ஒளிபரப்பியது. இயக்கியவர் லீ பியுங் ஹூன். எழுதியவர் கிம் யங் ஹியூன் என்னும் பெண்மணி. கதாநாயகியாக நடித்தவர் லீ யங் ஏ. அது சிங்களக் குரல் பெற்று நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நாடு முழுவதும் அதைப் பார்த்தது. காலி வீதியிலே தொடர்மாடிகளுக்குக் கீழே நின்றால், இந்த வீட்டில் கேட்ட வசனத்தின் மறுபாதி அடுத்த வீட்டில் கேட்கும். கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலே தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டு வாசற்படியில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் நினைவில் இல்லை.

அந்நிய நாடகம் நம் நாட்டுக்கு வருவது அது முதன்முறையன்று. ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொடங்கிய சில ஆண்டுகளில் "ஒஷின்" என்னும் ஜப்பானியத் தொடர் வந்தது. வறுமையிலே பிறந்து உழைப்பினாலே உயர்ந்த ஒரு பெண்ணின் கதை அது. நம் பெற்றோர் தலைமுறை அதை இன்னும் மறக்கவில்லை. ஒஷினைப் பார்த்து அழுத தாய்மார், ஜாங் கும்மைப் பார்த்து அழும் பிள்ளைகளைக் கண்டு "இதென்ன கூத்து" என்று கேட்பது நியாயமாகுமா? சிந்தித்துப் பாருங்கள்.

இனிக் கதைக்கு வருவோம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்வோம், பார்த்தவர்கள் பொறுத்தருள்க.

ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன், ஜோசொன் என்னும் அரச பரம்பரை கொரியாவை ஆண்ட காலம். அரண்மனை மடைப்பள்ளியிலே பணிபுரிந்த ஒரு பெண், உடன் பணியாற்றியோரின் சூழ்ச்சியைக் கண்டுவிட்ட காரணத்தால் நஞ்சூட்டப்படுகிறாள். உயிர் தப்பி மறைந்து வாழ்கிறாள். அவளுக்குப் பிறந்த மகளே ஜாங் கும். பெற்றோரை இழந்த அக்குழந்தை, தாய் பணிசெய்த அதே மடைப்பள்ளிக்குச் சிறுமியாக வந்து சேர்கிறாள். ஹான் அம்மையார் என்னும் ஆசிரியை அவளுக்குச் சமையற் கலையைக் கற்பிக்கிறார். பின்னர் பொய்க் குற்றச்சாட்டு ஒன்றினால் ஆசிரியையும் மாணவியும் ஜேஜு தீவுக்கு அடிமைகளாக அனுப்பப்படுகின்றனர். வழியிலே ஆசிரியை மாணவியின் முதுகிலேயே உயிர் துறக்கிறார். தீவிலே அடிமையாயிருந்து மருத்துவம் கற்று, மருத்துவப் பெண்ணாக மீண்டும் அரண்மனைக்குள் நுழைந்து, தாய்க்கும் ஆசிரியைக்கும் இழைக்கப்பட்ட அநீதியை வெளிப்படுத்தி, ஈற்றிலே அரசனுக்கே வைத்தியம் பார்க்கும் நிலைக்கு உயர்கிறாள். "தே" என்றால் பெரிய என்பது பொருள். அந்த அடைமொழி அவளுக்கு அரசன் அளித்த விருது.

இக்கதையில் எவ்வளவு உண்மை? இதை நாம் தேடிப் பார்த்தோம். ஜோசொன் அரசர்களின் நாட்குறிப்பு என ஒரு பெருந்தொகுதி கொரியரிடம் உண்டு. 1997இல் யுனெஸ்கோ அதனை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. 1506 முதல் 1544 வரை ஆண்ட ஜுங்ஜோங் அரசனைப் பற்றிய ஏடுகளிலே ஜாங் கும் என்னும் மருத்துவப் பெண்ணின் பெயர் சில இடங்களில் மட்டுமே வருகிறது. 1515இல் அரசி பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தபோது அவளைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினர். அரசன் அதற்கு முற்றாக இணங்கவில்லை. 1544இல் நோயுற்றிருந்த அரசன், தன் நோயின் தன்மை அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும் என்று அமைச்சர்களிடம் சொன்னதாகக் குறிப்பு உண்டு. அவள் பிறந்த ஊர் தெரியாது; பெற்றோர் தெரியாது; இறந்த நாள் தெரியாது. ஏட்டில் இருந்தவை சில வரிகள். அச்சில வரிகளிலிருந்து 54 பாகங்களை எழுப்பினார்கள். மடைப்பள்ளிப் பருவம் முழுவதும் எழுதியவரின் கற்பனையே.

மருத்துவப் பெண்கள் என்ற வகுப்பார் எவ்வாறு தோன்றினர் என்பதும் அறியத்தக்கது. ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதற்கு நாணி, மருந்தின்றியே இறந்த பெண்கள் பலர். ஆகவே 1406இல் அரசு பெண்களைத் தெரிந்து மருத்துவம் பயிற்றத் தொடங்கியது. ஆனால் உயர்குடிப் பெண்கள் எவரும் முன்வரவில்லை. அரசாங்க அடிமைக் குடும்பத்துச் சிறுமியரையே பிடித்துக் கற்பித்தனர். உயிர் காக்கும் தொழிலைச் செய்தவள் சமூகத்தின் அடிப்படியிலே நின்றாள் என்க!

இந்த இடத்தில் சிங்களத் தலைப்பை நினைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. "சுஜாத" என்றால் நற்குடியிற் பிறந்த என்பது பொருள். கௌதமருக்குப் பாற்சோறு அளித்த சுஜாதையின் பெயரையும் அது நினைவூட்டும். நாடகத்திலோ அவள் பிறப்பால் தாழ்த்தப்பட்டவள். பிறப்பு உயர்த்துவதில்லை, செயலே உயர்த்துகிறது என்று வள்ளுவர் வழிவந்த நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே கருத்தைக் கொரியத்தியின் வாழ்க்கையிலே வைத்துச் சொல்லி, அதற்கு நற்பிறப்பு என்று பெயரும் சூட்டினார்கள். தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, பொருத்தமான பெயர்தான்.

நண்பர்களே! இந்நாடகத்தில் நம்மை மிகக் கவர்ந்த காட்சி எது என்று கேட்டால், வாட்போரும் அன்று, காதலும் அன்று. ஒரு கிண்ணம் தண்ணீர்! ஹான் அம்மையார் சிறுமி ஜாங் கும்மைப் பார்த்து, "குடிக்கத் தண்ணீர் கொண்டு வா" என்கிறார். குளிர்ந்த நீர் கொண்டு வருகிறாள், ஆகாது என்கிறார். சுடுநீர் கொண்டு வருகிறாள், ஆகாது என்கிறார். நாட்கணக்கில் இது நடக்கிறது. ஒருநாள் சிறுமிக்குத் தன் தாயின் நினைவு வருகிறது. தாய் எவருக்கும் நீர் கொடுக்குமுன் அவர் உடல்நிலையை விசாரிப்பாளாம். உடனே ஆசிரியையிடம், "வயிற்று நோவு உண்டா? தொண்டை கரகரக்கிறதா?" என்றெல்லாம் கேட்டு, அதற்கேற்ப இளஞ்சூட்டு நீரிலே சிறிது உப்பிட்டுக் கொடுக்கிறாள். தண்ணீரும் கிண்ணத்தில் ஏறியவுடன் உணவாகிவிடுகிறது. உண்பவரை அறியாமல் உணவு சமைக்கலாகாது என்பதே அப்பாடம்.

இதைக் கேட்கும் தாய்மார்கள் புன்னகை செய்வது தெரிகிறது. ஏன்? இது நம் வீட்டுப் பாடம். காய்ச்சற்காரருக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பதும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குத் தூள் இட்டுப் பத்தியக் கறி வைப்பதும், தடிமனுக்கு மிளகு ரசம் காய்ச்சுவதும் எந்தப் பள்ளியிற் கற்றவை? வள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதைத் திறந்து பாருங்கள். மருந்தின் பெயர் ஒன்றும் அங்கு இல்லை. பெரும்பகுதி உணவைப் பற்றியது: முன் உண்டது செரித்ததா, எவ்வளவு உண்பது, எது ஒத்துக்கொள்ளும் என்பவையே. இன்னொன்று சொல்வோம். ஜாங் கும் வாழ்ந்த அந்தப் பதினாறாம் நூற்றாண்டிலே நல்லூரில் நமது அரசு நடந்து கொண்டிருந்தது. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அவ்வரசர் பெயரையே தாங்கி நிற்கின்றன. கொரியர் சில வரிகளிலிருந்து 54 பாகங்கள் எழுப்பினர். நாமோ நூற்றுக்கணக்கான பாடல்கள் கொண்ட நூல்களை அலுமாரியிற் பூட்டிவைத்து, திறப்பை எங்கே வைத்தோம் என்று தேடிக் கொண்டிருக்கிறோம்.

இனி, பெரியோர்கள் கூறும் ஆட்சேபங்களைக் கவனிப்போம். அவற்றைத் தட்டிக் கழிப்பது இளைஞர்க்கு அழகன்று.

முதலாவது, "இவை படிக்கும் பிள்ளைகளின் நேரத்தைத் தின்கின்றன" என்பது. இது முற்றிலும் உண்மை. ரூபவாஹினியில் வந்தபோது ஒரு நாளைக்கு ஒரு பாகம். முடிந்தவுடன் பெட்டி அணையும். இன்று கைத்தொலைபேசியில் ஒரு தொடர் முழுவதும் ஒரே இரவில் கிடைக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய தம்பி தங்கையர் விடியற்காலை மூன்று மணிவரை போர்வைக்குள் வெளிச்சம் வைத்துப் பார்க்கின்றனர். இதற்கு நாடகத்தைக் குறைகூறிப் பயனில்லை, அளவு வேண்டும். அளவு அறிந்து உண்ண வேண்டும் என்று சொன்ன அதிகாரம் இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, "வெள்ளைத் தோலும் வழவழப்பான முகமுமே அழகு என்னும் எண்ணத்தை விதைக்கின்றன" என்பது. இதுவும் பெரும்பாலும் உண்மையே. அந்நாட்டு நடிகரைப் போல் ஆகவேண்டும் என்று முகப்பூச்சு வாங்கும் நண்பர்களை நாம் அறிவோம். ஆனால் இந்நோய் கொரியாவிலிருந்து மட்டும் வரவில்லை. நம் தமிழ்ச் சினிமா பல்லாண்டுகளாக இதே மருந்தை நமக்கு ஊட்டிவந்ததை மறக்கலாகாது.

மூன்றாவது, "அந்த நாட்டைச் சொர்க்கம் என்று நம்பி இளைஞர் மயங்குகிறார்கள்" என்பது. இங்கே சற்று நின்று பேச வேண்டும். 2004இல் கொரியா தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்திலே முதலில் உடன்படிக்கை செய்த ஆறு நாடுகளில் இலங்கையும் ஒன்று. அன்று தொடக்கம் நம் நாட்டு வாலிபர் பல்லாயிரவர் கொரிய மொழிப் பரீட்சை எழுதி, தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிக் கப்பல்களுக்கும் சென்றிருக்கின்றனர். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபின் அந்த ஆசை இன்னும் பெருகியது. நம்மோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இப்போது பனிக்குளிரிலே இரும்புப் பட்டறையில் நிற்கின்றனர். அவர்கள் எழுதும் செய்திகளில் அரண்மனையும் இல்லை, செர்ரிப் பூவும் இல்லை. வேலை நேரம் உண்டு, வீட்டு நினைவு உண்டு, மாதம் முடிய அனுப்பும் பணம் உண்டு.

இந்த உண்மையைக் கொரியர்களே மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் உலகெங்கும் பேசப்பட்ட "ஸ்குவிட் கேம்" தொடரிலே அலி என்று ஒரு பாகிஸ்தானியத் தொழிலாளி வருகிறான். நடித்தவர் புதுடில்லியிற் பிறந்த அனுபம் திரிபாதி. மாதக்கணக்காகச் சம்பளம் கொடாத முதலாளி ஒருவன்; எவரையும் நம்பும் வெள்ளை உள்ளம் படைத்த அலி; அவனை அண்ணன்போல் நடித்து ஏமாற்றும் படித்த மனிதன் ஒருவன். நாட்டின் குறையை நாட்டின் நாடகமே எடுத்துக் காட்டியது. குறையை மூடிப் புகழ் பாடும் கலையைவிட இது மேலானது அன்றோ?

நாலாவது ஆட்சேபம்: "நமக்கே ஆயிரம் கதைகள் இருக்க, அயலாரின் கதை எதற்கு?" கம்பர் வடமொழியிலிருந்து கதையைக் கொண்டு வந்தார். அதனால் தமிழ் குறைந்ததா, வளர்ந்ததா? நாம் படித்தது ஒரு மிசன் பாடசாலையில். அங்கே சேக்ஸ்பியரைப் படித்தோம்; அதனால் சிலப்பதிகாரம் நமக்கு அந்நியமாகிவிடவில்லை. கதை எங்கிருந்து வருகிறது என்பது கேள்வியன்று. அது எந்த மொழியில் வருகிறது, வந்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

இங்கேதான் நாம் சொல்லவந்த முக்கிய விஷயம் தொடங்குகிறது.

"சுஜாத தியணி"யை நம் வீடுகளில் நாம் பார்த்தது சிங்களக் குரலிலே. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலே நாம் கண்ட காட்சி இது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் அம்மம்மா. சிங்களம் ஒரு சொல்லும் அறியாதவர். பக்கத்தில் பத்து வயதுப் பேரன். "தம்பி, அவள் என்ன சொல்லுறாள்?" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்பார். பேரன் தமிழாக்குவான், சுவையான கட்டம் வந்தால் அவன் வாய் மூடிவிடும். "சொல்லடா!" என்று அம்மம்மா கையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஜாங் கும் ஆசிரியையை முதுகிலே சுமந்து செல்லும் கட்டத்தில் மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

இதிலே நன்மை உண்டு, மறுக்கமாட்டோம். பிள்ளைகள் பலர் வகுப்பறையில் வராத சிங்களத்தை இந்நாடகத்தாற் பேசப் பழகினர். நம் பாடசாலையிலே தமிழ் மொழிப் பிரிவும் சிங்கள மொழிப் பிரிவும் வெவ்வேறு கட்டடங்களில் இருந்தன. இடைவேளையில் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து பேசுவதற்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு பொருள் இருந்ததில்லை. ஜாங் கும் வந்தபின் அதுவும் ஒரு பொருளாயிற்று. இரு சாராருக்கும் சொந்தமில்லாத ஒரு மூன்றாம் நாட்டுக் கதை, இரு சாராரும் சண்டையின்றிச் சந்திக்கும் முற்றமாக அமைந்தது. போர் முடிந்து மூன்றாண்டு ஆன ஒரு நாட்டிலே அது அற்ப விஷயமன்று.

ஆயினும் அம்மம்மாவின் நிலையை நினையுங்கள். தன் வீட்டுக் கூடத்தில், தன் கதிரையில் இருந்துகொண்டே அவர் விருந்தாளியாக இருந்தார். பத்து வயதுப் பிள்ளையின் தயவினாலே கதை கேட்டார். 1956இலே சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இலே தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்ததா? கடிதத்திலும் பெயர்ப்பலகையிலும் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிட முடியாது. சிரிப்பும் அழுகையும் எந்த மொழியில் வருகின்றனவோ அந்த மொழியே வாழும்.

சிங்கள மொழிமாற்றக் கலையைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதனிடம் கற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். ரூபவாஹினியின் ஆரம்ப காலத்திலே டைட்டஸ் தொட்டவத்த என்னும் கலைஞர் மொழிமாற்றப் பணியை ஏற்று நடத்தினார். டொக்டர் டூலிட்டில் என்னும் ஆங்கிலக் கேலிச் சித்திரம் அவர் கையிலே "தொஸ்தர ஹொந்த ஹித" ஆயிற்று. அவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் அல்லர். பாத்திரங்களுக்குச் சிங்கள மண்ணின் பேச்சையும் பகிடியையும் கொடுத்தவர். பார்த்த குழந்தைகள் அதை வெளிநாட்டுப் படம் என்று நினைக்கவில்லை. அந்தப் பரம்பரையிலே வந்தபடியாற்றான் கொரியத்தியும் சுஜாத என்ற பெயரோடு ஊர்ப்பெண்ணாக மாறமுடிந்தது.

தமிழகத்திலே 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் தந்தது. நம் வீடுகளிலும் சிலர் பார்த்தனர். நல்ல முயற்சி. ஆனால் அங்கே பேசப்பட்டது சென்னைத் தமிழ். கொரியப் பெண்ணைச் சென்னைத் தமிழ் பேசவைக்கலாம் என்றால், யாழ்ப்பாணத் தமிழும் மட்டக்களப்புத் தமிழும் மலையகத் தமிழும் பேசவைக்கலாகாதா? நமக்கு ஆட்கள் இல்லையா? இலங்கை வானொலியிலே "சானா" என்று எல்லோரும் அன்போடு அழைத்த சண்முகநாதன் நாடகப் பகுதியை நடத்திய காலத்திலே, நமது பேச்சுத் தமிழ் வானலையிலே தலைநிமிர்ந்து நடந்தது. சில்லையூர் செல்வராசனின் "தணியாத தாகம்" ஒலிபரப்பானபோது, வீட்டு வேலையை நிறுத்திவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே அமர்ந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தை எடுத்து "இராவணேசன்" ஆக்கி நகர மேடையில் நிறுத்தினார். குரல் இருந்தது, கலை இருந்தது, கேட்க ஆள் இருந்தது. தொடர்ச்சிதான் அறுந்தது.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்தார். மேல்நாட்டு வைத்தியத்தை ஆங்கிலத்திலே கற்பித்தால் கிராமத்துக்குப் பயன்படாது என்று கண்டு, தாமே தமிழ் கற்று, உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அமெரிக்கர் ஒருவர் அன்று நமது மொழிக்குச் செய்த கடமையை, நாம் இன்று ஒரு நாடகத்துக்குக்கூடச் செய்யவில்லை. இணுவிலிலே 1898இல் பெண்களுக்கென்றே ஒரு மிசன் வைத்தியசாலை எழுந்தது. பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்த்த அந்த வரலாறும் ஜாங் கும்மின் வரலாற்றுக்கு இளைத்ததா? எழுத ஆள் உண்டானால் அதுவும் 54 பாகம் வருமே!

கொரியரிடம் நாம் கற்கவேண்டிய முதற் பாடம் முகப்பூச்சு அன்று, மொழிப்பற்று. சீன எழுத்தைக் கற்க வசதியில்லாத ஏழை மக்களுக்காக, செஜோங் அரசன் 1443இல் புதிய எழுத்தை அமைத்து 1446இல் வெளியிட்டான். பண்டிதர் பலர் எதிர்த்தனர். எளிய மக்களும் பெண்களும் அதைக் காத்தனர். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. பிற்காலத்தில் பாடசாலைகளில் கொரிய மொழியே விலக்கப்பட்டது. 1942இல் அகராதி தொகுத்த மொழிச் சங்கத்தார் சிறையில் இடப்பட்டனர். அதன்பின் 1950 முதல் 1953 வரை நாட்டையே சாம்பலாக்கிய போர். அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தவர்கள், 1997இன் நிதி நெருக்கடிக்குப் பின் கலையையும் ஒரு கைத்தொழிலாக வளர்க்க முடிவு செய்து 1999இல் அதற்கெனச் சட்டம் இயற்றினர். நாடகம் தானாகப் பறந்து வரவில்லை. ஒரு நாடு திட்டமிட்டு உழைத்தது.

அவர்கள் மொழியிலும் தகப்பனை "அப்பா" என்கிறார்கள்; தாயை அழைக்கும் சொல்லும் ஏறக்குறைய "அம்மா"தான். 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்கவில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கொரிய மொழியே தமிழிலிருந்து வந்தது" என்று மார்தட்டும் நண்பர்கள் நம்மிடையே பெருகியிருக்கின்றனர். ஒரு சொல் ஒத்திருப்பதால் பெருமை வந்துவிடாது. தம் மொழிக்கு அவர்கள் செய்த உழைப்பில் ஒரு பங்கை நம் மொழிக்கு நாம் செய்தால், அதுவே பெருமை.

ஆகவே இச்சங்கத்தின் முன் மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறோம். ஒன்று: கொரியாவுக்குச் செல்ல விரும்பும் இளைஞர்க்கு மாலை வேளையில் மொழி வகுப்பு, பரீட்சைக்கு மட்டுமன்றி, சம்பளக் கணக்குக் கேட்கவும் உரிமையைப் பேசவும் உதவும் வகுப்பு. இரண்டு: வாரம் ஒருநாள் நம் முதியோரிடம் சென்று, கைமருந்தும் பத்தியமும் பழங்கதையும் அவர்கள் சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்தல். நாடகம் எழுத வேண்டியவனுக்கு ஏடு வேண்டும். நமது ஏடுகள் கதிரைகளில் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வோர் ஆண்டும் சில குறைகின்றன. மூன்று: அடுத்த ஆண்டு விழாவுக்கு அரை மணி நேர ஒலி நாடகம் ஒன்றை, இலங்கைத் தமிழிலே, இச்சங்கத்து இளைஞரே எழுதி நடித்தல். அது செம்மையாக அமைந்தால், தமிழ் அலைவரிசைகளின் கதவைத் தட்டி "எங்களிடம் குரல் உண்டு" என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் மனுக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்?

சிறுமி ஜாங் கும்மிடம் அரண்மனை ஆசிரியைகள் ஒரு பதார்த்தத்தைக் கொடுத்து, இனிப்புக்கு என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. மற்றவர் தேன் என்றும் சர்க்கரை என்றும் எண்ண, அவள் கனிந்த பனிச்சைப்பழ வகை ஒன்றின் பெயரைச் சொல்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், நாவில் அந்தச் சுவை தெரிந்தது, அதனாற் சொன்னேன் என்பதே அவள் விடை. வேறு காரணம் அவளுக்குத் தெரியாது. நம் இளைஞர் கொரிய நாடகத்தை விரும்புவதும் அத்தகையதே. நாகரிகம் என்று எவரும் சொல்லிக் கொடுத்து விரும்பவில்லை. அதில் குருபக்தியும், உழைப்பும், பசியறிந்து இடும் கையும் இருக்கின்றன. அந்தச் சுவை நமக்கு முன்பே பழக்கம். அதே சுவையை நம் மொழியில், நம் அடுப்பில் ஆக்கிப் பரிமாறும் நாளுக்காகவே இவ்வளவும் பேசினோம்.

 ஒலி நாடகத்துக்குப் பெயர் கொடுக்க விரும்பும் நண்பர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலிலே வைத்திருக்கும் புத்தகத்தில் எழுதிச் செல்லுமாறு கேட்டு அமைகிறோம்.